ஏழாவது வீடு

12 ஜனவரி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம், முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. உன் நலமும் உன் மகன், மருமகள் நலமும் அறிய ஆவல். போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாயே, விட்டதா? மருந்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் இருமல் விடாது.

சேவைச் சங்கத்தில் புதுத் தலைவர் வந்துவிட்டார். இந்த வருஷம் பல் டாக்டர். தலைவர்கள் வருஷத்துக்கு ஒருவராக வருவார்கள், போவார்கள். சங்க அறைச் சாவி மட்டும் முப்பத்துநான்கு வருஷமாக என் கைப்பையில்தான். பதவியேற்பு அன்று மேடையில் பெரிய பேனர். 'முதியோரை மதிப்போம்' என்று அடிக்கச் சொன்னதை, அச்சகத்துக்காரன் 'ம'வுக்கு மேல் ஒரு வளைவைக் கூடுதலாகப் போட்டு 'முதியோரை மிதிப்போம்' என்று அடித்துக் கொடுத்துவிட்டான். கூட்டம் முடிகிற வரை யாரும் கவனிக்கவில்லை. எங்களிலேயே மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "எப்போலேருந்து ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டு வேலை வழக்கம்போல. வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு டப்பாவில் சாப்பாடு. சங்கச் சமையலறையில் இரண்டு பேர் சமைக்கிறார்கள், 'ஹாரன்' வண்டி ஓட்டுகிறார் (முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், எதிரே காக்கா நின்றாலும் அடிப்பார்), நான் ஏறி இறங்கிக் கொடுக்கிறேன். முதல் வீட்டில் கடிகாரம் ரிப்பேர் செய்தவர். கண் போய்விட்டது, நான் போனதும் மணி கேட்பார், சொன்னால் "உங்க கடிகாரம் நாலு நிமிஷம் பின்னாடி ஓடுது" என்பார். மூன்றாவது வீட்டில் ஒரே அறையில் அக்கா தங்கை, ஒருவரோடொருவர் பேச்சு வார்த்தை கிடையாது. ஐந்தாவது வீட்டில் ஒரு பழைய பந்து விளையாட்டுக்காரர், டப்பாவைத் தூக்கிப் போடச் சொல்லிப் பிடிப்பார்.

இந்த வாரத்திலிருந்து ஏழாவதாக ஒரு வீடு சேர்ந்திருக்கிறது. மாடி. இருபத்திரண்டு படி.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் தலையை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அக்கா


3 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இருமல் விட்டுவிட்டது. மருந்தால் அல்ல, உன் கடிதத்துக்குப் பயந்து. இங்கே மகனும் மருமகளும் சுகம். அவர்கள் சின்னவள் இப்போது என்னை வைத்துக் கணக்குப் போடுகிறாள்: தாத்தா இதுவரை எத்தனை பேரை மேலே ஏற்றியிருப்பார் என்று. முப்பத்தொன்பது வருஷம் லிப்ட் மெக்கானிக். வாரம் இரண்டு நாள்தான் இப்போது வேலை, ஆனாலும் பழுது என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் இங்கே ஊரையே மேலே ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க, அறுபத்தெட்டு வயதில் என் அக்கா இருபத்திரண்டு படி ஏறுகிறாள் என்று படிக்க வெட்கமாக இருக்கிறது. வேறு யாரையாவது ஏறச் சொல்லக் கூடாதா?

ஒன்று கேட்க வேண்டும். ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் நீ எழுதுவதைப் படித்தால் அந்த வீட்டுக்கு நான் நேரில் போய் வந்த மாதிரி இருக்கும். ஏழாவது வீட்டுக்கு மட்டும் படியை எண்ணிச் சொன்னதோடு சரி. அங்கே யார் குடியிருக்கிறார்கள், படிகளா?

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு. பதில் போடு.

அன்புள்ள தம்பி


20 பிப்ரவரி

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்னவளுக்கு என் முத்தம். கணக்கில் நீ இறக்கிய ஆட்களையும் சேர்க்கச் சொல்.

சங்கத்தில் சக்கர நாற்காலி இரவல் கொடுக்கும் நோட்டு என் கைக்கு வந்திருக்கிறது. எட்டு நாற்காலி. ஒன்பதாவதை ஒரு குடும்பம் திருப்பவே இல்லை. போய்ப் பார்த்தால் தாத்தா எழுந்து நடமாடுகிறார், நாற்காலியில் பூனை படுத்திருக்கிறது. பூனையை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. தலைவரிடம் 'நோயாளி இன்னும் ஓய்வில் இருக்கிறார்' என்று சொல்லிவிட்டேன்.

ஏழாவது வீட்டில் தனியாக ஒரு அம்மா. பள்ளிக்கூட ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். மகள் வெளியூரில் வேலையில். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மகளுக்கு எழுத வேண்டியதை வாயால் சொல்வார், நான் எழுதித் தருகிறேன். அதுவும் சங்க வேலைதானே.

காற்று பலமாக இருக்கிறது. கதவு அடித்துக்கொள்கிறது, மூடப் போகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


11 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். முழங்கால் எப்படி?

பூனையை நினைத்து இரண்டு நாள் சிரித்தேன். பிறகு ஏழாவது வீடு நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூட ஆபீஸ் என்று எழுதியிருக்கிறாய். நமக்குத் தெரிந்து அந்த ஆபீஸில் இருந்த டைப்பிஸ்ட் ஒருத்திதான். காதோரம் பென்சிலைச் செருகிக்கொண்டு, அது அங்கே இருப்பதை மறந்து மேஜை முழுக்கத் தேடுவாள்.

அவளா அக்கா?

இந்த வயதில் கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் மகனின் அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அவள் இருந்தவரை இதைப் பற்றி நான் நினைத்ததே இல்லை என்று சொன்னால் பொய், நினைத்து வருந்தியதில்லை என்பது உண்மை. உனக்கே அந்தக் காலத்தில் தெரியும். 'நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன், நீ வந்தால் போக மாட்டேன்' என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அன்று காலையில் இரண்டு பஸ்ஸை விட்டேன். ஒன்பது மணிக்கு மூன்றாவது பஸ். அதன் கண்டக்டர் "ஏறுறியா, இல்ல பெட்டிக்குக் காவல் நிக்கிறியா" என்றார். ஏறினேன்.

அவள் வரவில்லை என்பதில் எனக்குக் கோபம் இல்லை. அவள் வீட்டில் கண்டிப்பு அதிகம். அவள்தான் என்றால், நான் விசாரித்ததாகச் சொல். வேறொன்றும் வேண்டாம்.

அன்புள்ள தம்பி


28 ஏப்ரல்

அன்புத் தம்பிக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வண்டி ரிப்பேரில் போய்ப் பத்து நாள் நடந்தே சாப்பாடு கொடுத்தோம். ஹாரனுக்குக் கையில் ஹாரன் இல்லாமல் காய்ச்சலே வந்துவிட்டது.

நீ கேட்டது சரி. அவள்தான்.

நீ விசாரித்ததை இன்னும் சொல்லவில்லை. சொல்கிறேன். உன் இரத்த அழுத்த மாத்திரையை விடாதே.

அக்கா


15 மே

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா? உண்மையைச் சொல்.

உன் கடிதம் ஏழு வாரம் கழித்து வந்தது. அதிலும் எட்டே வரி. நாற்பத்தொரு வருஷத்தில் நீ எனக்கு இவ்வளவு சின்னக் கடிதம் எழுதியதில்லை. அப்பா தவறிய செய்தியைக்கூட மூன்று பக்கம் எழுதியிருந்தாய். ஏதோ உடம்புக்கு வந்திருக்கிறது, மறைக்கிறாய். ஊருக்கெல்லாம் சக்கர நாற்காலி கொடுப்பவள் தனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லக் கூச்சப்படுகிறாளோ என்று மகனிடம் சொன்னேன். அவன், "லீவு போட்டுட்டுப் போய்ப் பாருங்கப்பா" என்கிறான். அடுத்த மாதம் கிளம்பி வரவா?

அவளைப் பற்றி எழுதி உன்னைச் சங்கடப்படுத்தியிருந்தால் விட்டுவிடு. ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உடனே பதில் போடு.

தம்பி


2 ஜூன்

தம்பிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ லீவு போட வேண்டாம். இதைப் படித்தபின் என்னைப் பார்க்க வரவே தோன்றாமல் போகலாம். நீ நலமாக இரு. உட்கார்ந்துகொண்டு படி.

நீ கிளம்புவதற்கு முதல் நாள் மாலை எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டியூட்டி. நம் வீட்டில் போன் கிடையாது. ஆனால் ஊரில் யார் போனை எடுத்தாலும் முதலில் கேட்பது என் குரல்தானே. ஆறரை மணிக்குப் பள்ளிக்கூட ஆபீஸ் லைன் வந்தது. "அக்கா, நான்தான். வீட்ல பேசிட்டேன். அப்பா சரின்னுட்டார். அவரை நாளைக்குக் கிளம்ப வேண்டாம்னு சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டுக்கெல்லாம் வேண்டாம், பத்து மணிக்கு நானே உங்க வீட்டுக்கு வர்றேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. ஓடி வந்திருக்க வேண்டும்.

"சரிம்மா, சொல்றேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். நீ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். சட்டை கசங்காமல் எப்படி மடிப்பது என்று கேட்டாய். மடித்துக் கொடுத்தேன். சொல்லவில்லை.

ஏன் என்று நீ கேட்பாய். அப்பா படுக்கையில் இருந்தார், நீ போனால்தான் வீடு நிமிரும் என்று நினைத்தேன். இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது அதுதான். அது பாதிதான். மீதியையும் எழுதிவிடுகிறேன். எனக்கு இருபத்தேழு வயது. காலையிலிருந்து மாலை வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யார் யாருடைய குரலையோ யார் யாருக்கோ இணைத்துக் கொடுப்பேன். எனக்காக ஒருவரும் மூச்சிரைக்க ஓடி வந்து போன் செய்ததில்லை. அன்று அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குள் ஏதோ கசந்தது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தேன். காலையில் நீ ஐந்தரைக்கே கிளம்பிவிட்டாய். ஓடி வந்து பஸ் ஸ்டாண்டில் சொல்லியிருக்கலாம். ஒன்பது மணி வரை நீ அங்கேதான் நின்றாய் என்பது உன் மார்ச் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

பத்து மணிக்கு அவள் வந்தாள். "சொன்னீங்களா அக்கா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"கிளம்பிட்டான்மா."

குடிக்கத் தண்ணீர் கேட்டாள். குடித்தாள், டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். இரண்டு வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணம் ஆனது.

ஜனவரியில் தலைவர் கொடுத்த சீட்டில் முகவரி மட்டும்தான் இருந்தது. படி ஏறிக் கதவைத் தட்டினால் அவள். "அக்கா, நீங்களா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்ச் கடைசியில் மகளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றாள். மகள் யாரையோ கட்டிக்கொள்ள நினைக்கிறாள், அதை அந்தப் பையனிடம் யார் மூலமோ சொல்லி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறாள். இவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "யார்கிட்டயும் சொல்லி அனுப்பாதே. நேர்ல போய் நீயே சொல்லு. நான் ஒரு தடவை சொல்லி அனுப்பினேன். அவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தும் கிளம்பிட்டார். என்னை நேர்ல பார்த்திருந்தா அப்படிப் போயிருக்க மாட்டார்னு இப்பவும் தோணுது."

என் கையெழுத்தில் எழுதினேன் தம்பி. எழுதி, மடித்து, தபாலில் போட்டேன். அதன்பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை.

இந்தப் பாவத்துக்குத்தான் சங்கத்தில் சேர்ந்து உழைத்தேன் என்று நீ நினைத்துவிடாதே. அவ்வளவு நல்லவள் இல்லை நான். எக்ஸ்சேஞ்ச் முடிந்து வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை, சங்கத்தில் இருந்தார்கள். சேர்ந்தேன்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உன் உடம்பு பத்திரம்.

அக்கா


19 ஜூலை

தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். உன் பதில் வரவில்லை. வராதது நியாயம்தான். பதிலுக்காக இதை எழுதவில்லை. நடந்ததை உனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஐந்தாம் தேதி அவளிடம் சொல்லிவிட்டேன். இடது கையில் கரண்டியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருக்க நினைத்தேன். காத்திருந்தால் மறுபடியும் இறங்கி வந்துவிடுவேன் என்று பயந்து சொன்னேன். "நான் அவன்கிட்ட சொல்லவே இல்லைம்மா. சொன்னேன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்."

கரண்டியை வைத்தாள். "அவருக்குத் தெரியவே தெரியாதா?"

"போன மாசம்தான் எழுதினேன்."

"டப்பாவை எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

மறுநாள் போனேன். கதவு திறந்திருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வைத்துவிட்டு வந்த டப்பாவைத் திறக்கவே இல்லை. அப்படியே நாலு நாள். அக்கம்பக்கத்து வீட்டில் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். பல் டாக்டரிடம் போய், ஏழாவது வீட்டுக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். முழங்கால்தான் காரணம் என்று அவரே எடுத்துக்கொண்டு சரி என்றார். ஐந்தாம் நாள் ஹாரன் தானே டப்பாவோடு ஏறினார். ஏறிய வேகத்தில் இறங்கி வந்தார். "அவங்களே வரணுமாம். நான் வச்சா சாப்பிட மாட்டாங்களாம்" என்றார்.

ஏறினேன். அவள் சாப்பிட்டாள். முடிகிற வரை என்னை நிற்க வைத்தாள். பிறகு, "நாப்பத்தொரு வருஷமா அவர் என்னை வேண்டாம்னுட்டார்னு நினைச்சு, அதுக்கேத்த மாதிரி நடக்கக் கத்துக்கிட்டேன். இப்ப அது இல்லைன்னு சொல்றீங்க. இனிமே நான் எப்படி நடக்கிறது?" என்றாள்.

காலி டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

தினமும் ஏறுகிறேன். தினமும் நிற்க வைக்கிறாள். நீ சாப்பிடு, தூங்கு. எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா


30 ஜூலை

அன்புள்ள உங்களுக்கு,

நலமா என்று கேட்கத்தான் முதலில் சொன்னேன். எழுதுபவர் ஏற்கெனவே எழுதிவிட்டார், கை பழகிப்போயிருக்கிறது.

என் வலது கைக்கு இப்போது வேலை இல்லை. அதனால் நான் சொல்ல, உங்கள் அக்கா எழுதுகிறார். ஒரு சொல்லும் விடக் கூடாது, ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். டைப்பிஸ்டாக இருந்தவள் நான், எழுதியதை வாங்கிச் சரிபார்ப்பேன்.

உங்களிடம் சொல்ல வேண்டியது இரண்டு. முதலாவது, போக வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாவது, பத்து மணிக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தேன். இவ்வளவுதான். நீங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒன்பது மணி வரை நின்றதை உங்கள் அக்கா போன வாரம் சொன்னார். ஒரு மணி நேர வித்தியாசம். அதை நினைத்து அழுதேன். பிறகு, இந்த வயதில் பஸ்ஸைக் குறை சொல்லி அழுகிறோமே என்று சிரிப்பும் வந்தது.

என் வாழ்க்கை வீணாகிப்போனதாக நீங்கள் நினைக்க வேண்டாம். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். நான் கோபமாக இருந்தால் என் டைப்ரைட்டருக்கு எண்ணெய் போட்டுக் கொடுப்பார், சமாதானம் என்று அர்த்தம். மகள் புத்திசாலி. நான் உங்களை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் எதையாவது ஆசையாகக் கேட்க வாயெடுத்தால், கேட்டாலும் கிடைக்காது என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். அது தப்பான குரல் என்று இப்போதாவது தெரிந்ததே.

உங்கள் அக்காவைப் பற்றி. மூன்று வாரம் அவரை வெறுத்தேன். (இங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எடுத்து எழுதச் சொன்னேன். அதையும் எழுதச் சொன்னேன்.) அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காதது நல்லது, என்னிடம் அதற்குப் பதில் தயாராக இல்லை. ஆனால் ஒன்றே காலுக்குப் படியில் அவர் காலடிச் சத்தம் கேட்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டும் உண்மை.

அவருக்கு நீங்கள் பதில் போடவில்லையாம். கோபப்படுங்கள். ஆனால் எழுதிக் கோபப்படுங்கள். பதில் வராமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

(கீழே இருக்கும் கிறுக்கல் என் இடது கைக் கையெழுத்து.)


25 ஆகஸ்ட்

அக்காவுக்கு,

நான் நலம். மகன், மருமகள், சின்னவள் நலம்.

உன் ஜூன் கடிதத்தைப் படித்த மறுநாள் வேலைக்குப் போனேன். இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிப்டை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். மேலே போகவும் பிடிக்கவில்லை, கீழே வரவும் பிடிக்கவில்லை. வெளியே நின்றவர்கள் பழுது பார்க்கிறேன் என்று நினைத்துப் பொறுமையாக இருந்தார்கள்.

உனக்கு நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். அதில் இருந்ததெல்லாம் நீ படிக்கக் கூடாதவை. எனக்கு எரிச்சல் என்னவென்றால், முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. நீ அன்று சொல்லியிருந்தால் மகனின் அம்மா எனக்கு இல்லை, மகன் இல்லை, கணக்குப் போடும் சின்னவள் இல்லை. சொல்லாமல் விட்டதற்கு நன்றி சொல்லவும் முடியாது. அவள் அந்த வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்ததை நினைத்தால் குடிக்க எடுத்த தண்ணீரை அப்படியே வைத்துவிடுகிறேன். இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, நீயே சொல்.

கடைசியில் மகனிடம் சொன்னேன். அவன் கேட்டுவிட்டுச் சொன்னான், "அத்தை இதை எழுதாமலே இருந்திருக்கலாமேப்பா. யாருக்கும் தெரிஞ்சிருக்காதே." அவன் சொன்ன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. நீ சொல்லாமலே போயிருக்கலாம். அவளும் போயிருப்பாள், நானும் போயிருப்பேன். நீ சொன்னாய்.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். இருக்கிறது. எழுதிக் கோபப்படச் சொல்லியிருக்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

இத்துடன் ஒரு உறை இருக்கிறது. அவளுக்கு. அவளே படிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிது பெரிதாகப் போட்டிருக்கிறேன். நீ பிரிக்க வேண்டாம், படித்துக் காட்டவும் வேண்டாம். கையில் கொடு.

சாப்பிட்டாயா என்று கேட்காமல் இந்தக் கடிதத்தை முடித்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

சாப்பிட்டாயா?

தம்பி


9 செப்டம்பர்

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

நாலாம் தேதி காலை பத்தரை மணிக்கு உன் கடிதம் வந்தது. சாப்பாட்டு வண்டி கிளம்பப் பன்னிரண்டு ஆகும். அதுவரை உறையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை. வாசல் கதவைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. நடந்தே போனேன். வழியில் பல் டாக்டர் வண்டியை நிறுத்தி, அடுத்த மாத முகாமைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "அப்புறம் பேசலாம் டாக்டர், ஒரு செய்தி சேர்க்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். முப்பத்துநான்கு வருஷத்தில் எந்தத் தலைவரையும் நான் நடுவழியில் விட்டுவிட்டுப் போனதில்லை.

நேரம் கெட்ட நேரத்தில் என்னைப் பார்த்ததும் அவள் பயந்துபோனாள். "அவன் கொடுத்தது, உன்கிட்ட கொடுக்கச் சொன்னான்" என்று கையில் வைத்தேன். ஒரு கையால் பிரிக்க வரவில்லை. ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தேன், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. பிறகு வெளியே வந்து மேல் படியில் உட்கார்ந்தேன்.

உள்ளே ஒரு முறை காகிதம் திருப்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாள். நீ என்ன எழுதினாய் என்று கேட்க மாட்டேன். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்திருப்பாள் போல, வெகுநேரம் ஆயிற்று. கீழே ஹாரன் என்னைத் தேடி வந்து மூன்று தடவை அடித்தார், எழுந்து போய் மற்ற ஆறு வீட்டையும் முடித்துவிட்டு, ஏழாவது டப்பாவோடு திரும்பி ஏறினேன். படித்து மடித்து மடியில் வைத்திருந்தாள். "படியில போயா உட்காருவாங்க? உள்ள நாற்காலி இருக்குல்ல" என்றாள்.

அன்றிலிருந்து இடது கையால் எழுதப் பழகினாள். நான் எழுதித் தரட்டுமா என்று கேட்கவில்லை. காகிதம் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன், கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு. ஐந்து நாளில் ஒரு பக்கம் முடித்தாள். இன்று மதியம் மடித்து உறைக்குள் போட்டு, "ஒட்டிக் குடுங்க" என்றாள். அவள் எதிரிலேயே ஒட்டினேன்.

"நீங்க படிச்சாலும் ஒண்ணும் இல்ல அக்கா" என்றாள்.

"வேண்டாம்மா" என்றேன்.

அந்த உறை இதோடு இருக்கிறது. மூன்று மணிக்குத் தபால் எடுத்துவிடுவார்கள். இப்போதே போய்ப் போட்டுவிடுகிறேன். உன் கோபத்தையும் அவ்வப்போது எழுது, தேங்க விடாதே. சின்னவளைக் கேட்டதாகச் சொல்.

நீ கேட்டதற்குப் பதில். நாலாம் தேதி அந்த அமளியில் நான் சாப்பிடவே இல்லை. இரண்டு மணிக்கு அவள் தன் டப்பாவைத் திறந்து, மூடியில் பாதியை எடுத்து வைத்து, என் பக்கம் நகர்த்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அன்புடன்,
அக்கா